பந்தல்குடியில் வாங்கிய கப்பல்

துபாய் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் இலியாஸ், பந்தல்குடியில் இருக்கும் மனைவி ஷர்மிளா பானுவிடம் வாரம் தவறாமல் போனில் புலம்புவான். சரக்கு வரத்து இல்லை, கப்பல்கள் சும்மா நிற்கின்றன, ஓவர்டைமும் போச்சு என்பான். கேட்டுக் கேட்டுத்தான் பானுவுக்கு அந்த யோசனை வந்தது.

"நகை வாங்க அனுப்புன பணத்த என்ன செஞ்ச?" என்று ஒருநாள் கேட்டான்.

"கப்பல் வாங்கிட்டேன் மச்சான்."

வாங்கியது ஒரு கப்பல் கம்பெனியின் பங்குகளை. அதைச் சொல்லி முடிக்கும் முன்பே, ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வந்திருந்த பக்கத்து வீட்டு ராமலட்சுமி துணியைப் போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடிவிட்டாள்.

மறுநாள் உரக்கடை உதயகுமார் வாசலில் நின்றார். "எம் மருமகனுக்கு ஒங்க கப்பல்ல ஒரு வேல போட்டுக் குடும்மா."

பானு மறுக்கவில்லை. முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, "இப்ப வேல இல்லண்ணே. லோடு இல்லாம கடல்ல நிக்கிது" என்றாள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

ஆறு மாதத்தில் பங்கு விலை பாதியானது. பானுவுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் தையல் காசையும் போட்டு இன்னும் கொஞ்சம் வாங்கினாள்.

லீவில் வந்த இலியாஸ் கடுகடுவென்று வீட்டுக்குள் நுழைந்தான். "ஆட்டோக்கார ஆண்டிச்சாமி ரெட்ட வாடக கேக்குறான். கப்பல் வச்சிருக்கவுகளுக்கு இதெல்லாம் ஒரு காசாங்கிறான்."

பிறகு அவள் போனில் விலையைப் பார்த்தவன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். "நாளைக்கே வித்துரு."

"நிக்கிற கப்பலப் பாத்து நீங்க பயப்படுறீக. நான் அதப் பாத்துத்தான் வாங்குனேன். கம்பெனிக்குக் கடன் இல்ல. பழைய கப்பல எல்லாரும் ஒடைக்கிறாக, புதுசா யாரும் கட்டல. நாளைக்குச் சரக்கு வந்தா கப்பலுக்கு எங்க போவாக?"

இலியாஸ் போனை அவளிடமே கொடுத்துவிட்டு டீக்கடைக்குக் கிளம்பினான். அங்கே எழுந்து இடம் கொடுத்தவர்களிடம், தான் கப்பல்காரன் இல்லை என்று லீவு முடியும்வரை அவனும் சொல்லவில்லை.

அடுத்த வருஷம் சரக்கு கூடியது. கப்பல் வாடகை ஏற, பங்கும் வாங்கிய விலையைப்போல் இரண்டு மடங்கைத் தொட்டது. பானு பாதியை விற்று இரண்டு மோட்டார் தையல் மிஷின் வாங்கிப்போட்டாள்.

இலியாஸ் போனில் துள்ளினான். "இங்க நிக்க எடமில்லாம கப்பல் வருது பானு. புதுசு புதுசாக் கட்ட ஆர்டர் குடுக்குறாகளாம். எங்க ரூம்ல எல்லாரும் கப்பல் ஷேருதான் வாங்குறாக. நாமளும் இன்னும் கொஞ்சம் வாங்குவமா?"

"பாப்போம் மச்சான்" என்று போனை வைத்தவள், அன்றைக்கே மிச்சத்தையும் விற்றாள்.