ஒரு பேரு சொல்லுங்க

விடியற்காலை ஷிப்டில், மோட்டாருக்குக் கம்பி சுற்றும் வைண்டிங் மேசையில் இருந்தவர்கள்: ராமாமணி, நஃபீசா, தேவதாஸ், கண்ணையா. மேஸ்திரி இல்லை.

ஜப்பான் முறை என்று சொல்லி, மேஸ்திரியே வேண்டாமென்று எடுத்துவிட்டவர் முதலாளி பாலகோபால்தான். கணபதி பகுதியில் இருந்த அந்த மோட்டார் கம்பெனியில் அப்போது அதுதான் பேச்சு. யார் கம்பி சுற்றுவது, யார் அதை மோட்டாரின் காடிப் பள்ளத்தில் இறக்குவது, யாருக்கு லீவு, எல்லாம் நால்வரே பேசி முடித்தார்கள். செம்புக்கம்பி விரலைக் கீறும். வார்னிஷ் நெடி கொண்டுபோன சோற்றிலும் ஏறும். ஆனால் அதட்டல் இல்லை. அவர்கள் கட்டிய மோட்டார் எதுவும் புகைந்து திரும்பியதில்லை.

போன வாரம் வெளியூர்க் கம்பெனிக்காரர்கள் வந்து ரகசியம் கேட்டார்கள். ராமாமணிக்குப் பெருமை தாங்கவில்லை.

"ஒருத்தருக்கு முடியாததை இன்னொருத்தர் இழுத்துக்குவோமுங்க. கண்ணையாண்ணனுக்கு வலது கை மரத்துப்போகும். காடி வேலையை நாங்க பாத்துக்குவோம். டெஸ்டிங்ல அவரு கண்ணுக்கு எதுவும் தப்பாதுங்க."

பாலகோபால் பக்கத்தில் நின்று சிரித்தார். இன்று அதே சிரிப்போடு மேசைக்கு வந்தார்.

"ஏனுங்க அம்மணி, ஆர்டர் சுருங்கிப்போச்சு. மூணு பேரு போதும். ஒரு பேரு சொல்லுங்க."

"நாங்க சொல்றதுங்களா?"

"பின்னே? எல்லா முடிவும் உங்களதுதானுங்களே. கை வராதவர் யாருன்னு நீங்களே சொன்னீங்களே, கண்ணு."

கழுத்தறுப்பதற்கும் 'ங்க' போட்டார்.  நால்வரும் எப்படி நிற்கிறோம் என்று ராமாமணி சொல்லியிருந்தாள். எங்கே வெட்டலாம் என்று அவர் கேட்டு வைத்திருந்தார்.

கண்ணையா எழுந்தார். "என் பேரையே வச்சுக்கங்க."

"உக்காருங்கண்ணா," என்றாள் நஃபீசா. "தனியா முடிவெடுக்க நீங்க என்ன மேஸ்திரியா?"

தேவதாஸ் சிரித்துவிட்டான். ராமாமணி தலை நிமிராமல், "என் வாய்தாண்ணா கெடுத்துப்போடுச்சு," என்றாள்.

"பொய்யா சொன்னே? விடு அம்மணி," என்றார் கண்ணையா.

நால்வரும் தலைசேர்த்துப் பேசினார்கள். பிறகு ராமாமணி நிமிர்ந்தாள்.

"முடிவாயிடுச்சுங்க. நாலு பேரும் இருந்தாத்தான் இந்த மேசை. ஒருத்தர் போனா நாலு பேரும் போறோமுங்க."

"அப்படிங்களா? சரி, நாலு பேரும் போங்க. வாட்ச்மேன், கேட்டைப் பூட்டுங்க!"

பாதி சுற்றிய கம்பியை அப்படியே விட்டு எழுந்தார்கள். லேத் மெஷின் பக்கம் கடக்கும்போது ராமாமணி நின்று நடந்ததைச் சொன்னாள். லேத்காரர் நாகூர் மீரான் மெஷினை நிறுத்தி, கையைப் பழந்துணியில் துடைத்தார்.

"நாளைக்கு எங்ககிட்டயும் ஒரு பேரு கேப்பாரு. எங்க பதிலையும் இன்னைக்கே சொல்லிப்போடறோம்."

ஒவ்வொரு லேத்தாக ஓசை அடங்கியது. பாலகோபால் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார். யாரும் திரும்பவில்லை. லேத்காரர்கள் ஒவ்வொருவராக வெளியேற, கடைசியாக நாகூர் மீரான் வெளியே வந்ததும், அவர் முதுகுக்குப் பின்னால் இரும்புக் கதவு சாத்தப்பட்டு, பூட்டு விழுந்தது.