செல்லப்பாப்பாவின் புருவம்

செல்லப்பாப்பா மார்க் கம்பி மத்தாப்புப் பெட்டியில் ஒரு பெண்குழந்தை சிரிக்கிறதே, அது நான்தான். நாற்பத்தைந்து வருடமாக இப்படித்தான் சொல்லி வந்தேன். பெண் பார்க்க வந்தவர்களிடம் சொன்னேன். ரேஷன் கடை வரிசையில் சொன்னேன். பிரசவ வார்டில் வலிக்கு நடுவே நர்சிடம் சொன்னபோது, அவள் சரி சரி, இப்போது முக்குங்கள் என்றாள்.

சிக்கல் என்னவென்றால், என் தங்கை யோகலட்சுமியும் அந்தப் பாப்பா தான்தான் என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

எங்கள் அப்பா ஆண்டிச்சாமி அந்தக் கம்பெனியில் பெட்டி ஒட்டியவர். லேபிளுக்கு ஒரு குழந்தை வேண்டும் என்று முதலாளி கேட்க, அப்பா எங்கள் இருவருக்கும் ஒரே மாதிரி கவுன் போட்டு சிவகாசி ஸ்டூடியோவுக்குக் கூட்டிப் போனார். எனக்கு ஆறு வயது, அவளுக்கு ஐந்து. கையில் வெறும் கம்பியைக் கொடுத்து இருவரையும் தனித்தனியாகப் படம் எடுத்தார்கள். நெருப்புப் பொறியெல்லாம் பிறகு ஓவியர் வரைந்தது. எந்தப் படத்தை எடுத்துக்கொண்டார்கள் என்று யாரும் எங்களிடம் சொல்லவில்லை. அப்பாவைக் கேட்டால், இரண்டும் என் பிள்ளைகள்தானே என்பார். தங்கமான மனிதர். நழுவி நழுவியே எங்கள் இருவரையும் கெடுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

லேபிளைப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. ஓவியர் கன்னத்தில் சிவப்பை அப்பி, புருவத்தில் மையைத் தீட்டிவைத்திருந்தார். அந்த முகத்தில் சிவகாசி வட்டாரத்தின் எந்தக் குழந்தையையும் பார்த்துக்கொள்ளலாம். மூன்று வருடத்துக்கு முன் ஒரு கல்யாண வீட்டில், மாப்பிள்ளை வீட்டார் முன்னால் யோகா தன் பெட்டிப் பெருமையை ஆரம்பித்தாள். நான் குறுக்கே புகுந்தேன். வார்த்தை தடித்தது. அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது. அவள் ஆலங்குளத்தில், நான் ஆமத்தூரில்.

போன வருடம் கம்பெனிக்கு ஐம்பதாம் ஆண்டு விழா என்று மேனேஜர் லட்சுமிகாந்தம் போன் செய்தார். பழைய நோட்டில் லேபிள் குழந்தையின் பெயர் 'ஆண்டிச்சாமி மகள்' என்று மட்டும் இருக்கிறதாம். மேடையில் எனக்குப் பொன்னாடை போர்த்துவார்களாம். ஆண்டிச்சாமிக்கு எத்தனை மகள்கள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டால்தானே சொல்வதற்கு?

அதோடு ஒரு பார்சலும் வந்தது. குடோனில் கிடந்த அசல் போட்டோவை, ஓவியர் கைபடாததை, இரண்டடிக்கு இரண்டடி துணியில் பெரிதாக அச்சடித்திருந்தார்கள். விரித்துப் பார்த்தேன். சாட்சாத் நான். மூக்குக்கண்ணாடி போடாமல் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சும்மா சட்டம் போட்டு மாட்ட மனம் வரவில்லை. படத்தை நடுவில் வைத்து, சுற்றிலும் ஆறுமூலைத் துண்டுகளாகத் தைத்து, ஒரு கட்டில் போர்வையாக்கி மேடையில் தொங்கவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். யூடியூபில் ஒரு வெள்ளைக்காரி சொல்லிக்கொடுத்தாள். ஆறுமூலையாக வெட்டிய அட்டை மேல் துணியை மடித்து ஓட்டுத்தையல் போட வேண்டும். அப்படிச் செய்த துண்டுகளை ஓரத்தோடு ஓரம் சேர்த்துத் தைக்க வேண்டும். ஆறு பக்கமும் தைத்து முடிந்த பிறகு பின்னாலிருந்து அட்டையை உருவிவிட வேண்டும். அவ்வளவுதான் விஷயம். அவ்வளவை எண்ணூறு முறை செய்ய வேண்டும்.

நான் வேலை பார்ப்பது அச்சாபீசில், லேபிள் எண்ணிக் கட்டும் வேலை. அங்கே டை கட்டிங், அதாவது அட்டையை அச்சு வைத்து வெட்டும் மெஷின், பார்க்கும் மணிமுத்து எனக்கென்று ஆறுமூலை வெட்டச்சு ஒன்று செய்து தந்தான். வெட்டுவதற்குக் காலண்டர் வேஸ்ட் அட்டையைக் கொண்டுவந்தான். நான் வேண்டாம் என்றேன். ஒரு துண்டில் முருகன் முழங்கால், இன்னொன்றில் மயிலின் கழுத்து என்று வரும். உருவிய பிறகு சாமியைக் குப்பையில் போட முடியாது, எரிக்கவும் முடியாது. முருகனுக்கு முழங்கால் தேடிக் கொடுக்க என்னால் ஆகாது. அதனால் செல்லப்பாப்பா பெட்டி அட்டையிலேயே, கலர் விலகிப்போன வேஸ்டாகப் பார்த்து வெட்டச் சொன்னேன். என் முகம், நான் வெட்டுகிறேன், யார் கேட்பது?

மூன்று மாதம் தைத்தேன். என் சேலை, நைட்டி, பழைய தலையணை உறை எல்லாம் ஆறுமூலை ஆயின. என் வீட்டுக்காரர் ஜெயச்சந்திரன் நீலக்கட்டம் போட்ட லுங்கியை ஒரு வாரம் தேடினார். அது அதற்குள் ஏழேழு துண்டு சேர்ந்த மூன்று பூவாகியிருந்தது. படத்துணி மட்டும் அழுக்காகக் கூடாதென்று பீரோவுக்குள் மடித்த மடிப்போடு இருந்தது.

விழாவுக்கு நான்கு நாள் இருக்கும்போது படத்தை வெளியே எடுத்தேன். நடுவில் வைத்துச் சுற்றித் தைத்தேன். ஊசி கோக்கக் கண்ணாடி போட்டிருந்தேன். மத்தியான வெளிச்சம் நேராக முகத்தில் விழுந்தது. பாப்பாவின் இடது புருவம் நடுவில் அரிசி அகலத்துக்கு அறுந்திருந்தது.

அந்தப் புருவம் எனக்குத் தெரியும். படம் எடுப்பதற்கு முந்தின பொங்கலுக்கு யோகா ஆட்டுக்கல் மேல் விழுந்து உடைத்துக்கொண்டது. இன்றைக்கும் பென்சிலால் நிரப்பிக்கொண்டுதான் வெளியே வருவாள்.

எழுந்து போய்க் கண்ணாடி முன் நின்று என் புருவத்தை விரலால் விலக்கி விலக்கிப் பார்த்தேன். ஐம்பத்தொரு வயதில் ஒரு தழும்பு இல்லையே என்று ஏங்கிய ஒரே பொம்பளை நானாகத்தான் இருப்பேன். உட்கார்ந்து நன்றாக அழுதேன். நாற்பத்தைந்து வருடம் அடுத்தவள் சிரிப்பை என் சிரிப்பாகக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அழுது முடித்ததும் நல்ல புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏழு குட்டி ஆறுமூலைகளைச் சேர்த்து ஒரு பூவாக்கி, பாப்பாவின் தலையிலிருந்து நெற்றிக்குச் சரிந்த மாதிரி அந்தப் புருவத்தின் மேல் வைத்துப் பொடித்தையலாகத் தைத்துவிட்டேன். அவசரத்தில் அந்தப் பூவின் அட்டைகளை மட்டும் உருவ மறந்துபோனேன்.

சாயங்காலம் வந்த வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பாப்பாவுக்குக் கண் ஆபரேஷனா என்று கேட்டார். உங்களுக்கு ரசனை கிடையாது என்றேன்.

விழாவன்று பட்டுச்சேலையில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மேடையில் போர்வை தொங்கியது. வந்தவர்களெல்லாம் அதைத்தான் பார்த்தார்கள். அப்போது யோகா உள்ளே வந்தாள். சொல்லிவிட்டது என் வீட்டுக்காரர்தான். கொழுந்தியா என்றால் அவருக்கு என்றைக்குமே ஒரு இளக்கம் உண்டு.

அவள் என் பக்கம் திரும்பவில்லை. நேரே மேடையேறிப் போர்வையிடம் போனாள். தையல் தெரிந்த எந்தப் பெண்ணும் செய்வதுபோல ஓரத்திலிருந்து தடவிக்கொண்டே வந்தாள். எல்லா இடமும் மெத்தென்று இருந்திருக்கும். பூவின் மேல் கை வந்ததும் நின்றது. அட்டை விறைப்பாக இருந்தது. மறுபடி அழுத்திப் பார்த்தாள். பிறகு அவள் கை மெதுவாக அவளுடைய சொந்தப் புருவத்துக்குப் போனது. என்னைப் பார்த்தாள்.

அதே நேரம் மைக்கில் லட்சுமிகாந்தம் என் பெயரைச் சொல்லி அழைத்தார். ஏறினேன். பொன்னாடையை விரித்தார். யோகா போர்வை பக்கத்திலேயே நின்றாள். மைக்கைப் பிடுங்கியிருந்தால் நானும் பதிலுக்கு மல்லுக்கு நின்றிருப்பேன். அவள் சும்மா நின்றதை என்னால் தாங்க முடியவில்லை.

"கொஞ்சம் இருங்க சார்" என்றேன்.

தாலிக்கயிற்றில் கிடந்த ஊக்கைக் கழற்றிப் பூவின் தையலைப் பிரிக்க ஆரம்பித்தேன். திருட்டுத் தையல் அல்லவா, பலமாகப் போட்டிருந்தேன். ஊக்கு வளைந்துவிட்டது. யோகா தன் கயிற்றிலிருந்து ஒரு ஊக்கைக் கழற்றி நீட்டினாள். முந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லட்சுமிகாந்தம் கோழி பிடிக்க நிற்கிறவர்போலப் பொன்னாடையை விரித்தபடியே நின்றார். பூ கழன்று வந்தது. அறுந்த புருவம் வெளியே தெரிந்தது.

"ஒன் புருவம்தான் யோகா. நான்தான் மூடுனேன்" என்றேன். மைக் பக்கத்தில் இருந்ததால் அரங்கம் முழுக்கக் கேட்டது.

அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவ்வளவோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பிரித்த கை நிற்கவில்லை.

"நீ வழுக்கி விழுகல. அன்னைக்கு நான்தான் ஒன்னயத் தள்ளிவிட்டேன். அப்பாட்ட மாத்திச் சொல்லிட்டேன்."

"தெரியும்க்கா" என்றாள். "நீயா சொல்லுவன்னு எம்புட்டு வருசமாப் பாத்துக்கிட்டு இருக்கேன்."

பொன்னாடை அவளுக்குப் போனது. போர்வையையும் அவளே எடுத்துக்கொண்டு போனாள். படத்தில் நெற்றியைச் சுற்றி ஊசித்துளை தெரிகிறதே, ஒருமுறை நனைத்துப் போட்டால் மறைந்துவிடும் என்று போனில் சொல்லிப் பார்த்தேன். நனைக்க மாட்டேன் என்கிறாள். வாரம் இரண்டு முறை பேசுகிறோம். பாதி நேரம் சண்டைதான்.

போன வாரம் ரேஷன் கடை வரிசையில் புதிதாக வந்த பெண்ணொருத்தி, மத்தாப்புப் பெட்டியில் இருப்பது நீங்களாமே என்று கேட்டாள். பழக்கதோஷத்தில் ஆமாம் என்று வாய்வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.

"அது என் தங்கச்சிம்மா" என்றேன். "புருவத்துல ஒரு வெட்டு இருக்கும். அது நான் போட்டது."