பாதிச் சுமை, இரட்டை வேகம்

கிடங்கில் அந்த மனிதருக்கு ஆமை என்று பெயர் வைத்தது அவருடைய சொந்த மச்சான்தான். மச்சான் அங்கே மேற்பார்வையாளர். ஆமைக்கு மின்வண்டி ஓட்டும் வேலை. மேல்தளத்தில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு, சரிவுப் பாதையில் இறங்கி, லாரிகள் நிற்கும் முற்றத்தில் சேர்க்க வேண்டும். மற்றவர்கள் ஆறு நடை அடிக்கும் நேரத்தில் ஆமை நாலு நடை அடிப்பார். தெருவைக் கடப்பதென்றால் இரண்டு பக்கமும் பார்ப்பார், பிறகு எதற்கும் இருக்கட்டும் என்று மேலேயும் ஒருமுறை பார்ப்பார்.

"மாப்பிள்ளை, நீங்க அந்தப் பக்கம் போய்ச் சேர்றதுக்குள்ள தெருவோட பேரையே மாத்திடுவாங்க" என்பார் மேற்பார்வையாளர். ஆமையும் சிரிப்பார். கொஞ்சம் தாமதமாகத்தான்.

அந்த ஆமை அதிவேகத்தால் இறந்துபோய் இன்றோடு இருபத்து மூன்று நாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். தங்கை வீட்டு முன்னறையில் மேற்பார்வையாளர் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையில் மடித்த காகிதம் ஒன்று இருந்தது. விசாரணைக் குழுவின் அறிக்கை. குழுவில் மூன்று பேர், மூவருக்கும் அன்று வேறு கூட்டம் இருந்தது, ஆகவே உண்மையை விரைவாகக் கண்டுபிடித்துவிட்டார்கள். 'காரணம்: ஓட்டுநரின் கவனக்குறைவு.' கீழே மேற்பார்வையாளர் கையெழுத்துப் போட வேண்டிய இடம் மட்டும் காலியாக இருந்தது. நாளைக் காலைக்குள் வேண்டுமாம். தங்கை வேறு யார் வாயாலும் கேட்பதற்கு முன்னால் தானே பக்குவமாகச் சொல்லிவிடலாம் என்று வந்திருந்தார்.

தங்கை மூலையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ஆமையின் சீருடைகள். இரண்டு ஜோடியையும் துவைத்துத் தேய்த்துத் திருப்பித் தரும்படி நிர்வாகம் கடிதம் அனுப்பியிருந்தது. ஆழ்ந்த அனுதாபமும் அதே கடிதத்தில்தான் இருந்தது, இரண்டாவது பத்தியில்.

"அண்ணா, ஒண்ணே ஒண்ணு சொல்லு" என்றாள், தலை நிமிராமல். "அவரு வேகமா போற ஆளா? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. குடிச்சிருப்பாருங்கறாங்க. வேகமா ஓட்டி சினிமா காட்டியிருப்பாருங்கறாங்க. எங்க ரெண்டு பேரையும் ஒரு நிமிஷம்கூட நினைக்காமலா போயிட்டாரு?"

மேற்பார்வையாளர் தொண்டையைச் செருமினார். அதற்குள் தரையிலிருந்து தங்கை மகள் கூப்பிட்டாள். எட்டாம் வகுப்பு.

"மாமா, சும்மாதானே இருக்கீங்க? வந்து பலகையைப் பிடிங்க. அப்பா பிடிக்கறேன்னு சொல்லியிருந்தாரு."

தப்பிக்க வழி கிடைத்தது என்று அவர் தரையில் இறங்கி உட்கார்ந்தார். நாளைக்குப் பள்ளியில் ஒப்படைக்க வேண்டிய செயல்திட்டம். புத்தகத்தின் மேல் சாய்த்த ஒரு பலகை, அதில் உருண்டு வரும் பொம்மை லாரி, அடியில் அது இடிப்பதற்கு ஒரு ஜாமெட்ரி பெட்டி. பெட்டி எவ்வளவு தூரம் நகர்கிறதோ, லாரியில் அவ்வளவு இயக்க ஆற்றல் இருந்தது என்று கணக்கு.

லாரியை விட்டாள். பெட்டி ஒன்பது சென்டிமீட்டர் நகர்ந்தது. லாரியில் களிமண் வைத்தாள்.

"இப்ப வண்டியோட சேர்த்து சரியா ரெண்டு மடங்கு எடை. மளிகைக் கடைத் தராசுல நிறுத்தாச்சு."

பெட்டி பதினெட்டு சென்டிமீட்டர் நகர்ந்தது.

"அதேதான்!" மேற்பார்வையாளருக்கு உடம்பே லேசானது போலிருந்தது. "எடை ரெட்டிப்பானா இடியும் ரெட்டிப்பு. வேகம் ரெட்டிப்பானாலும் அப்படித்தான், இல்லையா?"

"எங்க வகுப்புல எல்லாருமே அப்படித்தான் சொன்னாங்க மாமா" என்றாள் அவள், பெரிய மனுஷி போல. களிமண்ணை எடுத்துவிட்டுப் பலகைக்கு அடியில் இன்னும் மூன்று புத்தகங்களை அடுக்கினாள். "வேகம் ரெண்டு மடங்கு வேணும்னா உயரம் நாலு மடங்கு வைக்கணும். அப்பவே சந்தேகம் வரணும் உங்களுக்கு."

லாரி இறங்கியது. பெட்டி அவர் முழங்காலைத் தாண்டி நாற்காலிக்கு அடியில் போய் நின்றது. முப்பத்தேழு.

"பாத்தீங்களா? எடை எவ்வளவு ஏறுதோ அவ்வளவுதான் இடி ஏறும். ஆனா வேகம் அப்படியில்லை. ரெண்டு மடங்கானா நாலு மடங்கு இடி. மூணு மடங்கானா ஒன்பது."

மேற்பார்வையாளர் நாற்காலிக்கு அடியிலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, எடையைப் பாதியாக்கிட்டு வேகத்தை மட்டும் ரெட்டிப்பாக்கினா?"

"இப்ப செஞ்சது அதுதானே? களிமண்ணோட மெதுவா வந்தப்ப பதினெட்டு. பாதி எடையில ரெட்டை வேகத்துல முப்பத்தேழு. சரிக்குச் சரியா வராது மாமா."

"இன்னொரு தடவை விடு."

விட்டாள். முப்பத்தாறு. மறுபடி விடச் சொன்னார். முப்பத்தேழு.

மூன்று மாதத்துக்கு முன் அவர்தான் அந்த விதியை எழுதினார். பாதி நடைகளில் வண்டி பாதிச் சுமையோடு இறங்குவதைப் பார்த்து, 'சுமை பாதி எனில் வேகம் இருமடங்கு' என்று ஓர் அறிவிப்புப் பலகையில் எழுதி, சரிவின் உச்சியில் ஆணியடித்து மாட்டினார். பாதியை இரண்டால் பெருக்கினால் ஒன்று. இதில் தப்பு எங்கே இருக்கிறது? சிறந்த யோசனைக்காக நிர்வாகம் அவருக்குச் சுவர்க் கடிகாரம் பரிசளித்தது. அது நாளுக்கு நாலு நிமிடம் வேகமாக ஓடியது. சரிவின் அடியில் சுவருக்கு முன்னால் பழைய டயர்களை அடுக்கி வைத்திருந்தார்கள். முழுச் சுமையோடு மெதுவாக வந்து பிரேக் தவறிய வண்டிகளை அந்த டயர்கள் எத்தனையோ முறை தாங்கியிருக்கின்றன. அன்று பாதிச் சுமையோடு வந்த ஆமையின் வண்டியைத் தாங்கவில்லை. குழு வந்து பார்த்தபோது உச்சியில் பலகை இல்லை. ஆணிகள் மட்டும் இருந்தன. பலகையை யார் கழற்றினார்கள் என்று குழு கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

"முடிஞ்சுது மாமா. இதுல ஒரு கையெழுத்து." நோட்டை அவர் மடியில் வைத்தாள். 'உடனிருந்த பெற்றோர் அல்லது காப்பாளர்.' பேனாவையும் அவளே திறந்து கொடுத்தாள்.

அவர் பேனாவைப் பிடித்தபடி தங்கையைப் பார்த்தார்.

"அவரு தப்பு இல்லைம்மா" என்றார். "வேகமா போகச் சொன்னது நான். பாதிச் சுமைன்னா ரெட்டை வேகத்துல போகலாம்னு விதி போட்டேன். என் கணக்கு தப்பு."

இஸ்திரிப் பெட்டி நின்றது. அவள் அதைத் தூக்கி நிமிர்த்தி வைத்தாள்.

"அவரு ஒண்ணும் கேக்கலையா?"

"கேட்டாரு. 'நிஜமா சரியா வருமா மச்சான்?'னு கேட்டாரு. சிரிச்சேன். சாப்பாட்டு நேரத்துல திரும்பவும் வந்து கேட்டாரு. எல்லாரும் இருந்தாங்க. 'ஆமைக்குக் கணக்கு வேற சொல்லித் தரணுமா'ன்னேன்."

"எல்லாரும் சிரிச்சாங்களா?"

"சிரிச்சாங்க."

"அவரு?"

மேற்பார்வையாளருக்கு அது இப்போதுதான் ஞாபகம் வந்தது. "அவரும்தான். கொஞ்ச நேரம் கழிச்சு."

தங்கை சீருடையின் கையை மடித்தாள். பிரித்தாள். மறுபடியும் மடித்தாள்.

"ரெண்டு தடவை கேட்டாரு" என்றாள், தனக்குத்தானே. "அப்ப எங்களை நினைச்சுக்கிட்டுத்தான் இருந்திருக்காரு."

அவர் சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்தார். தட்டச்சு செய்திருந்த வரியை அடித்துவிட்டு மேலே எழுதினார்: 'விதி என்னுடையது. தவறானது. அதைச் சொன்ன பலகையைக் கழற்றியதும் நான். ஓட்டுநர் இருமுறை கேட்டார்.' கையெழுத்துப் போட்டுத் தங்கையிடம் நீட்டினார். அவள் ஒவ்வொரு எழுத்தாக, ஆமை படிக்கிற வேகத்தில் படித்தாள். படித்து முடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

அவர் நோட்டில் கையெழுத்துப் போடக் குனிந்தபோது மடியில் நோட்டு இல்லை. தங்கை மகள் அதை எடுத்து, இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்தபடி அம்மாவின் பக்கத்தில் போய் நின்றிருந்தாள்.

"அம்மா போடட்டும் மாமா."

வாசலில் அவர் செருப்பு மாட்டிக்கொள்ள வெகுநேரம் பிடித்தது. பேசத் தொடங்கியதிலிருந்து அந்தத் தங்கை அவரைப் 'போயிட்டு வா' என்று சொல்லாமல் அனுப்பியதில்லை. சண்டை போட்டுப் பேச்சை நிறுத்தியிருந்த வருஷத்தில்கூட, முகத்தைத் திருப்பிக்கொண்டாவது சொல்லியிருக்கிறாள். நிலைப்படிக்கு வெளியே காத்திருந்தார்.

"போ அண்ணா" என்றாள் அவள்.