மாடலுக்குக் கொடுத்த கட்டுரை

பல்கலைக்கழகத்திலிருந்து வந்த மின்னஞ்சலை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் அதே எண்தான் இருந்தது. நான் அனுப்பிய கட்டுரையில் தொண்ணூற்று நான்கு சதவீதம், அதே படிப்புக்கு முன்பே வந்த வேறொரு விண்ணப்பத்திலும் இருக்கிறதாம். ஐந்து நாளுக்குள் விளக்கம் தர வேண்டும். இல்லையென்றால் நிராகரிப்பு.

நிலத்தடி நீரியல், முதுகலை. முழு உதவித்தொகை அங்கே மட்டும்தான். வேறு எங்கும் நான் போடவில்லை.

எஸ்.ஓ.பி. என்பார்கள். நம்மைப் பற்றி நாமே எழுத வேண்டிய கட்டுரை. ஏழு முறை எழுதினேன். முதல் முறை, 'சிறு வயது முதலே அறிவியலில் ஆர்வம்' என்று தொடங்கியது. எனக்கே கொட்டாவி வந்தது. ஏழாவது முறைதான் நடந்ததை நடந்தபடி எழுத வந்தது. பி.எஸ்சி. முடித்த கோடையில், கயிற்றில் கல்லைக் கட்டி, சொந்தக்காரர்கள் ஊரில் பதினான்கு கிணறுகளில் தண்ணீர் எத்தனை அடியில் கிடக்கிறது என்று வாரா வாரம் அளந்தது. அப்பாவின் வேலை. எங்கள் வீட்டுக் குழாய். நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள் நான். அதில் பேசியிருந்தேன்.

அதை வேறு யார் எழுதியிருக்க முடியும்?

அப்பா சாமிக்கண்ணு சுரங்கத்தில் முதல் ஷிப்ட் முடிந்து வந்தார். சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடுவதற்குள் சொல்லிவிட்டேன்.

"அட, அது நாந்தாம்மா குடுத்தேன்" என்று சிரித்தார். "ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பினியே, அப்ப ஒரு காப்பி சேத்துப் போட்டேன். பழனிசாமி சார் பொண்ணும் வெளிநாட்டுக்குப் போடுதாம். மாடலுக்குக் கேட்டாரு. இன்ஜினியரு எங்கிட்ட வந்து கேக்குறாரு, பாத்துக்க!"

எங்கள் பக்கம் விண்ணப்பம் என்றால் அப்படித்தான். யாருக்குக் காரியம் நடந்ததோ அவரிடம் மாடல் வாங்கி, பெயரை மாற்றி எழுதுவது. ஒருமுறை சடையப்பன் மாமாவின் லீவு லெட்டரை அப்படியே எழுதி, மனைவிக்குப் பிரசவம் என்று அப்பா மூன்று நாள் லீவு வாங்கினார். தனக்குப் பிரசவம் ஆனது அம்மாவுக்குக் கடைசியாகத்தான் தெரிந்தது.

அப்பா மேல் கோபம் வரவில்லை. பேராசிரியரின் சிபாரிசுக் கடிதத்துக்காக நான் மூன்று வாரம் காத்திருந்தேன். அந்த மூன்று வாரத்தில் என் கட்டுரை அவர் மகள் பெயரில் எனக்கு முன்னால் போய்விட்டது.

சாரின் குவார்ட்டர்ஸ் டவுன்ஷிப்பில் பெரிய வீடுகள் உள்ள பிளாக்கில் இருந்தது. "நீ போம்மா, நான் இங்கயே நின்னுகினு இருக்கேன்" என்று அப்பா கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டார்.

சாரின் மகள் தமிழ்நிலா கதவைத் திறந்தாள். "செவ்வந்தி அக்காவா? சூப்பரா எழுதியிருந்தீங்கக்கா! எனக்கு ஆஃபர் வந்துடுச்சு!"

"எந்த... யுனிவர்சிட்டி?"

"உங்க மாடல்ல இருந்ததுதான். கோர்சும் அதேதான். எதுக்கு மாத்திக்கிட்டு?"

"கிணறு?"

"அதுவும் இருக்கு."

"நீ அளந்தியா?"

"ஐயோ, நான் எங்கக்கா போய்... மாடல்தானே அது?"

அவள் முகத்தில் திருட்டுத்தனம் துளியும் இல்லை. "என் அப்பாவைப் பத்தி எழுதியிருந்தேனே" என்றேன்.

"அதையும் அப்படியே விட்டுட்டேன். அந்த இடந்தான் ஸ்ட்ராங்கா இருந்துச்சு."

உள்ளே பழனிசாமி சார் செய்தித்தாளை இறக்கினார். "அப்பாவைப் பத்தியா? என்னம்மா போட்டிருக்கே என்னைப் பத்தி?"

"நீங்க கான்ட்ராக்ட் லேபர்னு..." என்று இழுத்தாள் தமிழ்நிலா.

"யாரு, நானா? கான்ட்ராக்ட் லேபரா?"

வேறொருத்தி எழுதியதை மகள் அனுப்பியது அவரை ஒன்றும் செய்யவில்லை. இது செய்தது. நான் நீட்டிய மின்னஞ்சலைப் படித்ததும் கேட்டுக்குப் போனார்.

"சாமிக்கண்ணு, இதைப் பெரிசு பண்ணாதய்யா. உன் பொண்ணு கெட்டிக்காரி, வேற ஒண்ணு எழுதி வேற எடத்துக்குப் போட்டுக்கும். மார்ச்சுல கான்ட்ராக்ட் ரினியூவல் லிஸ்ட் என் டேபிளுக்குத்தான் வரும். தெரியுமில்ல?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"தெரியுங்க சார்" என்றார் அப்பா.

திரும்பும்போது அப்பா சைக்கிளில் ஏறவில்லை. தள்ளிக்கொண்டே வந்தார். ரொம்ப தூரம் கழித்து, "அதுல என்னைப் பத்தியா எழுதியிருந்த?" என்று கேட்டார்.

நின்றுவிட்டேன். அவருக்கு ஆங்கிலம் படிக்க வராது என்பது எனக்குத் தெரியும். ஆனால் எதைக் கொடுக்கிறோம் என்றே தெரியாமல் கொடுத்திருக்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது. மனப்பாடமாக இருந்ததைத் தமிழில் சொன்னேன்.

"சுரங்கத்து ஊற்றுத் தண்ணீரை வெளியேற்றும் பம்புகளை என் அப்பா இருபத்தொரு ஆண்டுகளாகப் பார்த்துக்கொள்கிறார். இன்னும் ஒப்பந்தத் தொழிலாளிதான். எங்கள் வீட்டுக் குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தண்ணீர். இது ரெண்டும் ஒரே தண்ணியா என்று ஒரு நாள் என்னைக் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை."

அப்பா ஹேண்டில்பாரைப் பிடித்தபடி நின்றார்.

"அது நான் கேட்டதாச்சே" என்றார். "நான் கேட்டத, அந்தாளு கேட்டான்னு அனுப்பிட்டாங்களா?"

சாரை அவர் 'அந்தாளு' என்று சொல்லி நான் கேட்டதேயில்லை.

வீட்டுக்கு வந்து விளக்கம் எழுதினேன். கிணறு அளந்த நோட்டைத் தேதியோடு பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்துச் சேர்த்தேன். இது போனால் தமிழ்நிலாவின் ஆஃபர் நிற்காது. அதுவும் தெரிந்தது. அனுப்பாமல் வைத்திருந்தேன்.

அப்பா சட்டைப் பையிலிருந்து கேட் பாஸை எடுத்து மேசையில் வைத்தார். அவர் பெயர், பம்பு பிரிவு, ஒப்பந்தத் தொழிலாளி என்று அச்சடித்திருந்தது.

"இதையும் போட்டோ புடி. யாரு அப்பன்னு தெரியட்டும்."

"மார்ச்சு வருதேப்பா..."

"வரட்டும்."

படம் இரண்டு முறை ஆடிப்போனது. மூன்றாவது முறை அப்பா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"போயிடுச்சா?" என்றார்.

போய்விட்டது.