பெரு நாட்டுக்காரர் இருவர்

ஸ்காபரோவில் மாக்கம் வீதியில் இருக்கும் அந்த அடுக்குமாடியில் யார் டொக்டரிடம் போனாலும், வங்கிக்குப் போனாலும், துணைக்குக் கூப்பிடுவது சச்சிதானந்தனைத்தான். யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், கிளாக்கராக இருந்தவர். அவருடைய ஆங்கிலம் இஸ்திரி போட்ட ஆங்கிலம். கடிதம் எழுதினால் ஒரு கமா கூட இடம் மாறி உட்காராது. 'இங்கிலிஷ் சச்சி' என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அந்தப் பட்டத்தை அவர் கேட்டு வாங்கவில்லை. ஆனால் யாராவது வெறும் சச்சி என்று கூப்பிட்டால் முகம் கறுத்துவிடும்.

சிக்கல் என்னவென்றால், இந்த ஊரில் ஒருவரும் கச்சேரி ஆங்கிலம் பேசுவதில்லை. 'புட்' என்று ஒரு சொல். பின்னால் 'ஓஃப்' ஒட்டினால் தள்ளிப்போடுவதாம், 'அவுட்' ஒட்டினால் நெருப்பை அணைப்பதாம், 'அப் வித்' ஒட்டினால் சகித்துக்கொள்வதாம். வைப்பதற்கு என்று இருந்த ஒரு சொல்லை இப்படியா பாடாய்ப் படுத்துவது?

போன மாரியில், முழங்கால் ஒப்பரேசன் செய்த அருள்மலரை டொக்டரிடம் கூட்டிப்போனார். அருள்மலர் அதே கட்டடத்தில் மூன்றாம் மாடி. டொக்டர் காலைப் பார்த்துவிட்டுச் சிரித்தபடி, "யூ ஆர் அவுட் ஒஃப் த வூட்ஸ்" என்றார். ஆபத்துக் கட்டம் தாண்டிவிட்டது என்பதை இவர்கள் இப்படித்தான் சொல்வார்கள் என்று கச்சேரியில் யாரும் சொல்லித் தரவில்லை.

"என்னவாம், அண்ணை?"

"நீங்கள் காட்டாலை வெளியிலை வந்திட்டியளாம்."

"நான் எப்ப அண்ணை காட்டுக்குப் போனனான்?"

சச்சிதானந்தனுக்கு அந்தக் குளிரிலும் வியர்த்தது. "பின்னாலை மரம் நிக்கிற பார்க்கிலை நடக்கிறனீங்களெல்லே? அதைத்தான் சொல்லுறார். இனி உங்கை போகாதேங்கோ."

வீட்டுக்கு வந்து கைபேசியில் தேடிப் பார்த்தபோதுதான் தலையில் கை வைத்தார். ஓடிப்போய் உண்மையைச் சொல்லலாம். சொன்னால் இங்கிலிஷ் சச்சி அந்த இடத்திலேயே காலி. வெறும் சச்சிதான் மிஞ்சுவார். மரம் பார்க்காமல் இருந்தால் மனிசிக்கு ஒன்றும் ஆகாது என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

படித்தே தீர வேண்டும். ஆனால் எங்கே? ஸ்காபரோவில் ஆங்கில வகுப்புக்குப் போனால், அவர் உள்ளே போய் உட்காருமுன் செய்தி பக்கத்து ஊரான அஜக்ஸைத் தாண்டிவிடும். தேடித் தேடிக் கடைசியில் நகரத்தின் மேற்குக் கோடியில் ஒரு தேவாலய மண்டபத்தில் இலவச வகுப்பொன்றைக் கண்டுபிடித்தார். ஆங்கில மரபுத்தொடர்களும் இந்தப் பாழாய்ப்போன வால் முளைத்த வினைச்சொற்களும், ஸ்பானிஷ் பேசுகிறவர்களுக்காக. தமிழன் ஒருவன் தலைவைத்தும் படுக்காத இடம். பஸ் மாறி, ரயில் மாறிப் போனார்.

சொல்லிக்கொடுக்கிறவர் மாக்கஸ் என்ற வெள்ளைக்காரர், ஓய்வுபெற்ற ஆசிரியர். ஸ்பானிஷை அவர் இப்போதுதான் படிக்கிறார். ஆனால் நன்றாகத் தெரிந்த மாதிரி நடந்துகொள்வார்.

"எந்த நாடு?" என்று கேட்டார்.

"பெரு" என்றார் சச்சிதானந்தன். தூரத்து நாடு, மேற்கொண்டு கேள்வி வராது என்று கணக்குப் போட்டிருந்தார். மற்றபடி வணக்கம், ஆம், நன்றி என்பதற்கு ஓலா, சீ, கிராசியாஸ் என்று மூன்று ஸ்பானிஷ் சொல். அதற்குமேல் தேவைப்பட்ட இடங்களில் தலையை ஆட்டினார். நம்முடைய தலையாட்டலுக்கு ஆம் என்றும் பொருள் கொள்ளலாம், இல்லை என்றும் கொள்ளலாம் என்பதால் ஒரு வகுப்பு பிசகில்லாமல் ஓடிவிட்டது. பக்கத்து நாற்காலி கொலம்பியாக்காரி மார்த்தா மட்டும் அடிக்கடி அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

அடுத்த கிழமை அவர் போனபோது முன்வரிசையில் ஒரு மனிதர் மூக்கு வரை மஃப்ளர் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த மஃப்ளரைச் சச்சிதானந்தனுக்குத் தெரியும். அந்தக் காதையும் தெரியும். யேசுரட்ணம்! ஐந்தாம் மாடி. சச்சிக்கு நேரமில்லை என்றால் சனம் அடுத்ததாகக் கூப்பிடுகிற ஆள். 'என்னைக் கேட்டால் சச்சியின்ரை இங்கிலிஷ் பழைய இங்கிலிஷ்' என்று கண்ட இடமெல்லாம் சொல்லித் திரிகிறவர்.

"இவரும் பெருதான்!" என்று மாக்கஸ் ஆனந்தக் கூத்தாடாத குறை. "ஒரே நாட்டுக்காரர் சேர்ந்து இருங்கள். இன்றைய தொடரை உங்கள் மொழியில் ஒருவருக்கொருவர் விளக்குங்கள்."

இரண்டு பேரும் நாற்காலியை இழுத்து எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ஓடுவதற்கு வழியில்லை. மாக்கஸ் காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். வேறு வழி தெரியாமல் சச்சிதானந்தன் தமிழையே ஸ்பானிஷ் மாதிரி 'ஓ' போட்டு, ராகம் போட்டு இழுத்தார்.

"நீரோ இஞ்சையோ என்ன செய்யிறீரோ?"

"நீரோ செய்யிறதைத்தானோ நானும் செய்யிறனோ."

"வெளியிலையோ மூச்சு விட்டீரோ, தொலைஞ்சீரோ."

"நீர் விட்டீரோ, நானும் விடுவனோ!"

மாக்கஸ் கண்ணை மூடி ரசித்தார். "மலைநாட்டு ஸ்பானிஷ்! எவ்வளவு இனிமை!" ஒரு சொல்லும் விளங்கவில்லை என்று ஒப்புக்கொள்ள அவருக்கும் வாய் வரவில்லை. மார்த்தா கைக்குட்டையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

அன்றைய தொடர் 'கீப் இற் அப்'. நன்றாகச் செய்கிறீர்கள், இப்படியே தொடருங்கள் என்று பொருள். மாக்கஸ் அதை விளக்கியதும் யேசுரட்ணம் மஃப்ளருக்குள்ளேயே வெளிறிப்போனார்.

"என்னவோ?"

"அருள்மலரின்ரை டொக்டரோ போன மாதம் இதைத்தானோ சொன்னவர். நானோ காலை மேலை தூக்கி வைக்கட்டாம் எண்டோ சொல்லிப்போட்டனோ."

சச்சிதானந்தனுக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. எதிரியின் குடுமி கையில் கிடைத்துவிட்டது! அடுத்த நொடியே தன்னுடைய காடு நினைவுக்கு வந்தது. சந்தோசம் பொசுக்கென்று அணைந்துவிட்டது.

மூன்றாம் கிழமை வகுப்புத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. கைத்தடியை ஊன்றிக்கொண்டு அருள்மலர் நின்றார்.

பெரு நாட்டுக்காரர் இருவரும் ஒரே நேரத்தில் குனிந்து சப்பாத்து நாடா கட்டத் தொடங்கினார்கள். யேசுரட்ணத்தின் சப்பாத்துக்கு நாடாவே கிடையாது.

அருள்மலர் உடைந்த ஆங்கிலத்தில், ஆனால் ஒரு கூச்சமும் இல்லாமல் கேட்டார்: "நான் தமிழ். ஸ்பானிஷ் தெரியாது. இருக்கலாமா?"

"தாராளமாக! யாரும் வரலாம்" என்றார் மாக்கஸ்.

யாரும் வரலாமாம். சச்சிதானந்தன் மேசைக்குக் கீழே பல்லைக் கடித்தார்.

"கால் இப்படி இருக்க இவ்வளவு தூரம் ஏன் வந்தீர்கள்?" என்று மாக்கஸ் கேட்டார்.

அருள்மலர் உட்கார்ந்து, கோட்டைக் கழற்றி, ஆறுதலாகச் சொன்னார். "என்னோடு டொக்டரிடம் இரண்டு பேர் வருவார்கள். முதல் ஆள் காட்டுக்குப் போகாதே என்றார். நடக்கிறதை விட்டேன். இரண்டாம் ஆள் காலைத் தூக்கி வை என்றார். தூக்கி வைத்துக்கொண்டு சோபாவில் கிடந்தேன். கால் மரத்துப்போச்சு. டொக்டர் என்னைப் பார்த்து ஏன் நடக்கவில்லை என்று கத்துகிறார்."

வகுப்பே சிரித்தது. மார்த்தாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அவர்களிடம் சொல்லிவிடலாமே?"

"எப்படிச் சொல்வது? கொட்டுகிற பனிக்குள் பஸ் பிடித்து வருவார்கள். ஒரு தேத்தண்ணிக்குக் கூடக் காசு வாங்கமாட்டார்கள். நல்ல மனிதர்கள். ஸ்காபரோவில் படித்தால் அவர்களுக்குத் தெரிந்துவிடும், மனம் நோகும். அதுதான் ஒருவரும் வராத இடமாகப் பார்த்து வந்தேன்."

தன் பட்டத்தைக் காப்பாற்றச் சச்சிதானந்தன் ரயில் ஏறி வந்தார்; அதே பட்டத்தைக் காப்பாற்ற இந்த மனிசி நோகிற காலோடு வந்திருக்கிறது. வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாக அழுகை வந்தது. மெல்ல மேசைக்கு மேலே தலையை நீட்டினார். பக்கத்தில் யேசுரட்ணத்தின் மொட்டைத் தலையும் எழும்பியது.

அருள்மலர் இரண்டு தலையையும் மாறி மாறிப் பார்த்தார். வாயைப் பிளந்தார், பிறகு மூடிக்கொண்டார். வந்த சிரிப்பைச் சேலைத் தலைப்பால் துடைத்து அனுப்பிவிட்டு, நாற்காலியை அவர்கள் பக்கம் இழுத்துப் போட்டார்.

"வியாழக்கிழமை டொக்டரிட்டைப் போகவேணும், அண்ணை" என்றார் தாழ்ந்த குரலில். "மூண்டு பேருமாப் போவம். ஆராவது ஒராளுக்கு விளங்கும்."