பெயெர்செபா பக்கத்து வாற்கோதுமை

மேலகரத்தில் சனிக்கிழமைதோறும் ஒரு மாடி ஹாலில் எட்டுக் குடும்பங்கள் கூடும். அவர்களுக்குப் பஸ்கா பண்டிகை எந்த மாதம் வருகிறது என்பதைக் காலண்டர் சொல்லாது, வாற்கோதுமைதான் சொல்லும். இஸ்ரவேல் தேசத்து வயலில் அது விளைந்திருந்தால் அடுத்த பிறையோடு வருஷத்தின் முதல் மாதமான ஆபிப் பிறந்துவிடும், பதினாலாம் நாள் பஸ்கா. விளையவில்லை என்றால் அந்த வருஷத்துக்கு ஒரு மாதம் கூடுதல். பதிமூன்று மாதம் என்று கேட்ட டீக்கடைக்காரர், அப்பம் ஒங்க சபைக்காரங்களுக்கு வயசு மெதுவாத்தான் ஏறும் என்றார்.

சபையின் செயலாளர் பிரின்ஸ். தென்காசி பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். மற்ற வருஷங்களில், அந்த நாட்டில் வயல் வயலாக நடந்து கதிர் பார்க்கும் ஆட்களின் அறிக்கை மின்னஞ்சலில் வரும். இரண்டு கூட்டத்தார் எழுதுவார்கள். ஒருவர் சொன்னதை மற்றவர் ஒப்பமாட்டார். பிரின்ஸ் இரண்டையும் வாசித்து, ஒரு முடிவுக்கு வந்து, எட்டு வீட்டுக்கும் கடிதம் அனுப்புவான். அதைப் பார்த்துத்தான் அவர்கள் லீவு எழுதிக் கொடுப்பார்கள்.

இந்த வருஷம் அந்தத் தொல்லை இல்லை. அவன் மனைவி சுஜிதாவே அங்கேதான் இருந்தாள். பெயெர்செபாவுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். படுக்கையில் இருக்கிற ஓர் அம்மாளைக் கவனித்துக்கொள்ளும் வேலை. போய் இரண்டு வருஷம் ஆகிறது. வீட்டுக்குப் பின்னால் ரோட்டைத் தாண்டினால் வாற்கோதுமை வயல்.

அவளுக்கு லீவும் கிடைத்திருந்தது. மார்ச் பதினைந்து முதல் ஏப்ரல் ஐந்து வரை. அந்த அம்மாளின் மகள் வந்து தங்குகிற மூன்று வாரம் அது. முன்னே பின்னே நகர்த்த முடியாது. இந்தப் பிறையிலேயே ஆபிப் பிறந்தால் பஸ்கா அன்று சுஜிதா பிரின்ஸ் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். தள்ளிப்போனால் அவள் அங்கே, இவன் இங்கே. மூன்றாவது வருஷமும் அப்படியே.

பிறைக்கு மூன்று நாள் இருக்கும்போது போட்டோ வந்தது. வயல் முழுக்கக் கதிர். பிரின்ஸுக்குக் கால் தரையில் பாவவில்லை. அன்றைக்கே கடிதத்தை அடித்து எட்டுப் பிரதி எடுத்துக்கொண்டான். சனிக்கிழமை ஆராதனை முடிந்ததும் போன் கைக்குக் கை மாறியது. சுஜிதா வரப்போகிறாள் என்று எல்லாருக்கும் சந்தோஷம். கடைசியில் போன் கோமதியம்மாளிடம் வந்தது. அச்சன்புதூர் வயல்களில் நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“தம்பி, கழுத்து வளையவே இல்லையே. மணி புடிச்சா தன்னால குனியும்லா.”

நெல் வேறு, வாற்கோதுமை வேறு என்றான் பிரின்ஸ்.

“வேறயாவே இருக்கட்டு. நசுக்குனா பால் வருதா, மாவு வருதான்னு கேளு. பால்னா இன்னும் நாள் கெடக்கு. நானும் அவ வரணும்னுதான் நெனைக்கேன், என்னைய மொறைக்காத.”

சபையின் விதி எல்லாருக்கும் தெரியும்: கதிர் பச்சையாக இருக்கலாம், ஆனால் வறுத்தால் வாயில் போட மணி இருக்க வேண்டும். பிரின்ஸ் எட்டுக் கவரையும் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். கேட்காமல் கடிதத்தைக் கொடுத்துவிட்டால் யாரும் அவனைக் குற்றம் சொல்லப்போவதில்லை. போட்டோ இருக்கிறது, கதிரும் இருக்கிறது. சாயங்காலம்வரை அப்படியே உட்கார்ந்திருந்தான். பிறகு போன் போட்டான்.

நசுக்கிப் பார்த்தாயா என்று கேட்டான். சுஜிதாவும் அச்சன்புதூர்ப் பெண்தான், வயல்காட்டில் வளர்ந்தவள்.

“பாக்கலங்க,” என்றாள். “பாத்தா தெரிஞ்சிருமேன்னு பயந்து, போட்டோ மட்டும் எடுத்துட்டு ஓடியாந்துட்டேன்.”

அவனுக்குக் கோபம் வரவில்லை. தானும் அதே பயத்தில்தான் பகல் முழுக்கப் போன் போடாமல் இருந்தேன் என்று சொன்னான். அவள் சிரித்துவிட்டாள்.

மறுநாள் வயலில் நான்கு இடத்தில் கதிர் பறித்தாள். மூன்று இடத்தில் நகம் பட்டதும் வெள்ளையாகப் பால். நான்காவது கொஞ்சம் கெட்டி. நான்கையும் அந்த அம்மாள் வீட்டுச் சட்டியில் வறுத்து வீடியோ அனுப்பினாள். எல்லாம் சுருங்கி உமிதான் மிஞ்சியது.

பிரின்ஸ் பழைய கடிதங்களைக் கிழித்துவிட்டுப் புதிதாக அடித்தான். இந்த வருஷத்துக்குப் பதின்மூன்றாம் மாதம் உண்டு; பஸ்கா அடுத்த பிறைக்குப் பிறகு; வயலை நேரில் பார்த்தவர் சுஜிதா, கேட்கச் சொன்னவர் கோமதியம்மாள் என்று இரண்டு பேரையும் எழுதினான்.

சொன்ன தேதியில் சுஜிதா வந்து இறங்கினாள். பண்டிகை வந்திருந்தால் அந்த மூன்று வாரத்தில் ஏழு நாள் புளித்த மாவை வீட்டில் வைத்திருக்க முடியாது. மீதி நாளும் சபைக் காரியங்களிலேயே போயிருக்கும். இப்போது நாள் அத்தனையும் அவர்களுடையது. முதல் வாரம் அவள் தோசையும் ஆப்பமுமாகவே சாப்பிட்டாள். அங்கே நினைத்து நினைத்து ஏங்கிய பட்டியல் ஒன்று வைத்திருந்தாள்.

ஒருநாள் குற்றாலத்துக்குப் போனார்கள். சீசன் இல்லை. மெயின் அருவியில் ஓரமாக நூல்போல் தண்ணீர் இறங்கியது. அதற்குக் கீழே போட்டிக்கு ஆளும் இல்லை. தலையைக் காட்டிவிட்டு வந்து ஈரத்தோடு படியில் உட்கார்ந்தாள். பண்டிகை அன்றைக்கு என்ன செய்வாய் என்று பிரின்ஸ் கேட்டான்.

“நீங்க இங்கன ஏழு மணிக்கு ஆரம்பிச்சா எனக்கு அங்கன நாலரைதான். போனை மேசையில சாத்தி வச்சிருங்க, நானும் இருப்பேன். பொறவு அங்கன பொழுது அடைஞ்சதும் நான் ஆரம்பிப்பேன். அப்பம் நீங்க தூங்கிரப்பிடாது.”

அப்படியானால் எனக்கு இரண்டு பஸ்கா என்றான் அவன். அவள் துண்டைப் பிழிந்து அவன் தோளில் போட்டுவிட்டு, பசிக்கிறது, கடைப்பக்கம் போகலாம் என்று எழுந்தாள்.