சிவப்புத் திரை ஒன்று குறைகிறது

மாத்திரை உள்ளங்கையில் இருந்தது, தண்ணீர் டம்ளர் மறு கையில். அந்த நேரம் பார்த்துத்தான் அண்ணன் பேச்சை எடுத்தான்.

"இன்னைக்கு முதலாளி கூப்பிட்டுக் கேப்பாரு. ரெண்டு மூணு நாளா மாத்திரை போட மறந்துட்டேன், தலை ஒரு மாதிரி இருந்துச்சுன்னு சொல்லிடு. அவ்வளவுதான். மத்ததை நான் பாத்துக்கறேன்."

தங்கை மாத்திரையை வாயில் போட்டாள். தண்ணீரைக் குடித்தாள். டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள்.

"மாத்திரை போட்டாச்சு," என்றாள் சத்தமாக.

அடுப்படியில் நின்ற அண்ணி திரும்பிப் பார்க்கவில்லை. தினமும் காலையில் கேட்கிற சத்தம்தான். ஒருநாள் கேட்காவிட்டால்தான் அவள் திரும்பிப் பார்ப்பாள்.

அந்தத் தங்கைக்கு வாய் ஓயாது என்று நினைத்துவிட வேண்டாம். பக்கத்து வீட்டுக் கதை ஒன்றுகூடப் பேசத் தெரியாதவள். கை செய்வதை வாய் சொல்லும், அவ்வளவுதான். ஒரு காலத்தில் யாரும் பேசாத பேச்செல்லாம் அவள் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த வருடங்களில் பெரும்பாலும் இதே வீட்டின் பின்னறையில் சாத்திய கதவுக்குப் பின்னால்தான் கிடந்தாள். மருந்து அந்தக் குரல்களை அடக்கியது. கூடவே கவனத்தையும் கொஞ்சம் மழுங்கடித்தது. பாதி வேலையில் மனம் நழுவிவிடும். கதவைப் பூட்டினோமா இல்லையா என்று சாவியோடு வாசலிலேயே நிற்பாள்.

மனநலம் தேறியவர்களுக்கு வேலை பழக்கி, வேலையும் தேடித் தரும் ஒரு மையம் இருந்தது. அங்கே சலவைப் பயிற்சி கொடுத்த டீச்சர்தான் இந்த வழியைக் கண்டுபிடித்தாள். "செய்யறதை வாயால சொல்லு. உன் காது கேட்டா உன் மனசும் கேக்கும்," என்றாள். அது பலித்தது. பயிற்சி முடிந்து, ஹோட்டல்களின் துணிகளை மொத்தமாக வெளுக்கும் சலவைக்கூடம் ஒன்றில் வேலையும் கிடைத்தது. அழுக்குத் துணி வந்ததும் வெள்ளை வேறு, கலர் வேறு, கறை வேறு என்று பிரித்துப் போடவேண்டும். வெளுத்து வந்த பிறகு, போனதெல்லாம் திரும்பி வந்திருக்கிறதா என்று சரிபார்க்கவேண்டும். "வெள்ளை, வெள்ளை, கலர், கறை" என்று நாள் முழுக்க அவள் மேஜையிலிருந்து சத்தம் வந்துகொண்டிருக்கும். இரண்டாவது வாரமே அவளுக்கு 'ரேடியோ' என்று பேர் விழுந்துவிட்டது. பேர் வைப்பதில் நம் ஆட்களை மிஞ்ச முடியுமா? அவளும் சிரித்துக்கொண்டாள். பின்னறையில் கிடந்தபோது அவளுக்கு வைத்திருந்த பேரோடு ஒப்பிட்டால் ரேடியோ எவ்வளவோ மரியாதையான பேர்.

அதே சலவைக்கூடத்தில்தான் அண்ணன் மெஷின் ஓட்டுகிறான். சொந்தபந்தம் எல்லாம் கைவிட்டபோது கைவிடாதவன் அவன் ஒருவன்தான். ஆஸ்பத்திரிக்கு அலைந்தவன் அவன். மையத்தின் சிபாரிசோடு முதலாளியின் காலைச் சுற்றி வந்து இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவனும் அவன்தான். முதல்நாள் நீல ஏப்ரனின் கயிற்றை முதுகுப்பக்கம் எப்படிக் கட்டுவது என்று தெரியாமல் அவள் விழித்தபோது, பின்னால் வந்து முடிச்சுப் போட்டுவிட்டான். அன்று முதல் தினமும் அவன்தான் முடிச்சுப் போடுவான்.

முந்தாநாள் மதியம் நடந்தது இதுதான். பெரிய மெஷினில் துவைத்த சிவப்புத் திரைச்சீலைகள் தள்ளுவண்டியில் அவள் மேஜைக்கு வந்தன. எண்ணிப் பார்த்தாள்.

"சிவப்புத் திரை ஒண்ணு குறையுது," என்றாள் சத்தமாக. பிறகு திரும்பி, "அண்ணா, ஒண்ணு உள்ளேயே ஒட்டிக்கிட்டிருக்கும். டிரம்மைப் பாரு," என்றாள்.

அண்ணன் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான். "எல்லாம் எடுத்தாச்சு. நீ உன் மேஜையைப் பாரு," என்றான். அப்படியே ஹோட்டலின் வெள்ளைப் படுக்கைவிரிப்புகளை அள்ளி உள்ளே போட்டுக் கதவை அடைத்தான்.

மெஷின் நின்று கதவைத் திறந்தபோது அத்தனை விரிப்பும் பிறந்த குழந்தையின் உள்ளங்கால் நிறத்தில் வந்தது. நடுவில் சுருண்டு கிடந்தது அந்தச் சிவப்புத் திரை.

இப்போது அண்ணனைப் பார்த்து அவள் கேட்டாள்: "நான் ஒருநாளும் மாத்திரையை மறக்கலையே, அண்ணா?"

"தெரியும்."

"திரை ஒண்ணு குறையுதுன்னு உங்கிட்ட சொன்னேனே?"

"அதுவும் தெரியும். தெரியாமலா உங்கிட்ட கெஞ்சிக்கிட்டு நிக்கறேன்? நான்தான் செஞ்சேன்னா இன்னைக்கே வெளியே அனுப்பிடுவாரு. உன்னை அனுப்ப மாட்டாரு. உன் விஷயம் வேற. உடம்பு சரியில்லாம செஞ்சதுன்னு சொன்னா யாருக்கும் கோபம் வராது."

அவளுக்குச் சட்டென்று ஒரு சந்தேகம் வந்தது. "நீ ஏற்கெனவே சொல்லிட்டியா?"

அண்ணன் குனிந்து செருப்பைத் தேடினான். செருப்பு அவன் காலில்தான் இருந்தது.

"நேத்தே கேட்டாரு. பிரிச்சுப் போட்டது யாருன்னாரு. நான் என்ன பண்றது?"

அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "குடும்பம் நடக்க வேணாமா? ஒரு வார்த்தைதானே கேக்கறாரு. அதனால உனக்கு என்ன குறைஞ்சிடப் போகுது?"

என்ன குறையும் என்று அண்ணிக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவளுக்கு அவசியமும் வந்ததில்லை. அண்ணி அடுப்பை அணைத்துவிட்டேன் என்றால் அணைத்துவிட்டாள் என்று எல்லோரும் நம்புவார்கள். ரேடியோவுக்கு அந்த நம்பிக்கை நோய் வந்தபோது தொலைந்துபோன ஒன்று. பின்னறையிலிருந்து வெளியே வந்து, பயிற்சிக்குப் போய், நாள் தவறாமல் வேலைக்குப் போய் அவள் சம்பாதித்ததில் பெரியது அதுதான். ரேடியோ சரி என்றால் சரி, குறைகிறது என்றால் குறைகிறது என்று சலவைக்கூடத்தில் நாலு பேர் சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். இப்போது அதைத்தான் கேட்கிறார்கள், ஒரு வார்த்தைதானே என்று.

அன்று காலை சலவைக்கூடத்தில் அண்ணன் ஏப்ரன் முடிச்சை வழக்கத்தைவிட இறுக்கிப் போட்டான்.

முதலாளியின் அறையில் அவர், அண்ணன், மையத்திலிருந்து வந்த வேலைவாய்ப்பு அதிகாரி என்று மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். மனநோயிலிருந்து மீண்டவர்களுக்கு வேலை கொடுத்ததற்காக மையம் தந்த பாராட்டுக் கேடயம் முதலாளியின் தலைக்கு மேலே, வருகிறவர்கள் கண்ணில் உடனே படும் இடத்தில் மாட்டியிருந்தது. முதலாளி கெட்டவர் இல்லை. தான் நல்லவர் என்பது அவருக்குக் கொஞ்சம் அதிகமாகவே தெரியும்.

"பயப்படாதம்மா. நோயாளி மேல நான் கோபப்பட மாட்டேன். ஹோட்டல்காரங்ககிட்டயும் விஷயத்தை எடுத்துச் சொல்லிட்டேன். அவங்களும் ஐயோ பாவம்னுட்டாங்க. மாத்திரை விட்டுப்போச்சுன்னு உன் வாயால ஒரு வார்த்தை சொல்லிடு. நாளையிலேருந்து பிரிக்கிற மேஜை வேணாம். மூலையில உக்காந்து கைக்குட்டை மடி. வேலை எங்கேயும் போகாது."

"மாத்திரை விட்டுப்போகலைங்க, முதலாளி. சிவப்புத் திரை டிரம்முக்குள்ள ஒட்டியிருந்துச்சு. ஒண்ணு குறையுதுன்னு நான் சத்தமாத்தான் சொன்னேன். அண்ணன்கிட்டயும் சொன்னேன்."

முதலாளி அண்ணனைப் பார்த்தார். "சொன்னாளாப்பா?"

அண்ணன் மேஜை விளிம்பைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அவ நாள் முழுக்க ஏதாவது சொல்லிக்கிட்டேதான் இருப்பா, முதலாளி. அதையெல்லாம் யாரு காதுல வாங்கறது?"

அவன் வெறும் பொய் சொல்லியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். அவள் தன்னைத் தானே தூக்கி நிறுத்திக்கொண்ட வழியையே பிடுங்கி அவளை அடித்துவிட்டான். கூடப் பிறந்தவனுக்குத்தானே தெரியும், எங்கே அடித்தால் எழுந்திருக்க மாட்டாள் என்று.

வாசலில் வெளுத்த துணியோடு போய்க்கொண்டிருந்த இஸ்திரிக்காரம்மாவை முதலாளி கூப்பிட்டார். அவளுடைய மேஜை ரேடியோவின் மேஜைக்கு அடுத்த மேஜை.

"முந்தாநாள் இந்தப் பொண்ணு திரை குறையுதுன்னு ஏதாவது சொன்னதா?"

இஸ்திரிக்காரம்மா ரேடியோவைப் பார்த்தாள். பிறகு அண்ணனைப் பார்த்தாள். பிறகு தன் கையிலிருந்த துணியைப் பார்த்தாள். "மெஷின் சத்தத்துல ஒண்ணும் கேக்கலைங்க."

முன்பெல்லாம் யாரும் பேசாதது அவளுக்குக் கேட்டது. அதற்குப் பேர் நோய். இப்போது அவள் பேசியது யாருக்கும் கேட்கவில்லை. இதற்குப் பேர் என்ன என்று கேட்க அந்த அறையில் ஆள் இல்லை. அவள் மையத்து அதிகாரியைப் பார்த்தாள். உண்மையைச் சொல்லிப் பழகுங்கள், கூச்சப்படாமல் சொல்லுங்கள் என்று வகுப்பு வகுப்பாக வந்து சொன்னவர் அவர்தான்.

அவர் தொண்டையைச் செருமினார். "முதலாளி பெரிய மனசு பண்றாரு. ஒத்துக்கிட்டா வேலை நிக்கும். நம்ம மையத்து ஆளுங்க இன்னும் சில பேரு இங்க இருக்காங்க. அவங்களையும் கொஞ்சம் நினைச்சுப் பாரு."

"அவங்களை நினைச்சுத்தான் சார் பேசறேன். இன்னைக்கு இதை நான் வியாதின்னு ஒத்துக்கிட்டா, நாளைக்கு இங்க எது கெட்டாலும் அவங்க தலையிலதானே விடியும்?"

அதிகாரி பேனாவின் மூடியைத் திறந்தார், மூடினார். கேள்வி புரியாமல் இல்லை. புரிந்ததால்தான் மூடியோடு அவ்வளவு நேரம் விளையாடினார்.

அவள் நிமிர்ந்து நின்றாள். மேஜையில் துணி பிரிக்கும்போது சொல்கிற அதே குரலில், கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள்: "மாத்திரை போட்டேன். தலை நல்லா இருந்துச்சு. திரை ஒண்ணு குறைஞ்சுது. அதைச் சொன்னேன்."

முதலாளி அதிகாரியின் பக்கம் சாய்ந்தார். "பாத்தீங்களா? ஒத்துக்கவே மாட்டேங்குது. இதுதானே சார் அந்த வியாதி?"

"சில பேருக்கு அப்படி ஆகறதுண்டு," என்றார் அதிகாரி.

முடிவு சுலபமாகிவிட்டது. ரேடியோ வீட்டில் இருந்து ஓய்வெடுக்கட்டும், குணமான பிறகு பார்க்கலாம். அண்ணனைப் பார்த்து முதலாளி பரிவோடு சொன்னார்: "நல்ல டாக்டரா பாத்துக் காட்டுப்பா. பாவம், உனக்கும் எவ்வளவு கஷ்டம். வேணும்னா ரெண்டு நாள் லீவு எடுத்துக்க."

ஏப்ரனைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். முடிச்சு முதுகுப்பக்கம் இறுகிக் கிடந்தது. அவள் கையைப் பின்னால் கொண்டுபோனதும் அண்ணன் பழக்கத்தில் எழுந்து வந்தான்.

"தொடாத," என்றாள். "நானே அவுத்துக்கறேன்."

நேரம் ஆயிற்று. மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவிழ்த்து, மடித்து, மேஜைமேல் வைத்தாள்.

வெளிவாசலில் இஸ்திரிக்காரம்மா ஓடிவந்து பிடித்துக்கொண்டாள். சூட்டில் காய்ப்பேறிய கை. "நீ சொன்னது எனக்குக் கேட்டுச்சும்மா. நல்லாவே கேட்டுச்சு."

"உள்ள ஏன் சொல்லலை?"

"பயம்தான். எனக்கு இதை விட்டா வேற கதியில்ல." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நான் தனியாத்தான் இருக்கேன். என் ரூம்ல இன்னொரு கட்டிலுக்கு இடம் இருக்கு. என் மூஞ்சியில முழிக்கப் பிடிச்சா வா."

ரேடியோ கையை விடுவித்துக்கொண்டு நடந்தாள். கோபம் இருந்தது. ஆனாலும் அந்தக் கூடத்தில் இருந்த அத்தனை பேரில், கேட்டது என்று வாசல்வரை வந்தாவது சொன்னவள் இவள் ஒருத்திதானே என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனாள்.

அவள் வீடு சேர்வதற்குள் அண்ணனின் போன் வந்திருந்தது; பின்னறை பெருக்கியிருந்தது. அண்ணி அவளுடைய பாயை மறுபடி அங்கே போட்டிருந்தாள். "கொஞ்ச நாள் அமைதியா இரு. எல்லாம் சரியாயிடும்," என்றாள். அண்ணியின் பேச்சில் பொல்லாங்கு ஒன்றும் இல்லை. வீட்டு வேலைக்கு ஓர் ஆள் கிடைத்த நிம்மதிதான் இருந்தது.

சாயங்காலம் அண்ணன் வந்து முன்னறையில் உட்கார்ந்தான். டீயைக் கையில் வாங்கினவன் குடிக்கவில்லை. கொடியிலிருந்து எடுத்த துணியெல்லாம் பின்னறையில் ஒரே குவியலாகக் கிடந்தது. அதன் முன்னால் ரேடியோ ஒரு பையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"என் துண்டு," என்று சத்தம் வந்தது. "அண்ணியோடது. என்னுது இல்ல. என் போர்வை. அண்ணன் சட்டை. என்னுது இல்ல."

அண்ணி அறை வாசல்வரை போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். "பையில துணி எடுத்து வைக்கறா. எங்க போகப் போறா?"

பின்னறையிலிருந்து சத்தம் தொடர்ந்தது.

"என் சீப்பு. என் மாத்திரை எடுத்தாச்சு."

பையின் ஜிப்பை இழுத்து மூடும் சத்தம் கேட்டது. ரேடியோ முன்னறைக்கு வந்தாள். அண்ணனைத் தாண்டி நடந்து, வாசற்கதவைத் திறந்தாள். வீட்டுச் சாவியை ஜன்னல் விளிம்பில் வைத்தாள்.

"சாவி வெச்சாச்சு," என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டாள். "டிரம்முல விட்ட சிவப்புத் திரை. அது என்னுது இல்ல."

படியிறங்கி, இஸ்திரிக்காரம்மாவின் ரூம் இருக்கும் பக்கமாகத் தெருவில் நடந்தாள். அண்ணி கன்னத்தில் கைவைத்துக்கொண்டாள்.

"மறுபடி ஆரம்பிச்சிடுச்சுங்க. யாருகிட்ட பேசிக்கிட்டுப் போறா பாருங்க."

அண்ணன் ஆறிப்போன டீயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அவனுக்குக் கேட்டிருந்தது.